பதினேழு மில்லிமீட்டர்

லகூனா பார்தா ஊரின் கல்லறைத் தோட்டத்தை எர்மிந்தா ஒயார்சோ பத்தொன்பது வருஷமாகப் பார்த்துக்கொள்கிறாள். சாய்ந்த சிலுவைகளை நிமிர்த்துவாள். காற்று தூக்கிக்கொண்டு போன பூச்சாடிகளை ஏரிக்கரை வரை நடந்து போய்ப் பொறுக்கி வருவாள். கற்களைத் தேய்த்துக் கழுவுவாள். நவம்பர் தொடக்கத்தில் இறந்தோர் நாள் வரும். வெளியூர்ப் பிள்ளைகளெல்லாம் பஸ் ஏறி வந்து நிற்பார்கள். வந்தவர்களுக்குத் தங்கள் ஆட்களின் பெயர் பளிச்சென்று தெரிய வேண்டும். அதனால் அக்டோபர் முழுக்க எர்மிந்தாவின் கையில் கம்பி பிரஷ்ஷும், பக்கத்தில் பிளீச்சிங் தண்ணீர் வாளியும் இருக்கும்.

அவள் தேய்த்து எடுப்பது கல்பாசியை. சாம்பல் நிறத்தில் இலை இலையாக ஒட்டியிருப்பது ஒரு வகை. மஞ்சள் பச்சையில் கறுப்பு விளிம்பு கட்டிய வட்டங்கள் இன்னொரு வகை. பருந்து வந்து உட்கார்ந்து எச்சமிடுகிற உயரமான கற்களில் மட்டும் ஆரஞ்சு நிறத் தேமல் போலப் பரவியிருக்கும். எழுத்துகளின் பள்ளத்துக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டால் அதைக் கிளப்புவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும்.

அந்த வருஷம் அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் முன்வரிசையில் முழங்காலிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது வாசல் பக்கமிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள்.

"நிறுத்துங்க! தேய்க்காதீங்க, தயவு செஞ்சு நிறுத்துங்க!"

எர்மிந்தா நிமிர்ந்தாள். வந்தவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் கயிறு கட்டி ஒரு லென்ஸ் தொங்கியது.

"உங்க வீட்டுக் கல்லா இது?"

"இல்ல."

"அப்புறம் என்ன? சுத்தமா வேணும்னு வீட்டுக்காரங்க கேக்குறாங்க, நான் தேய்க்கிறேன்."

"தோன்யா," என்றாள் அவள், மூத்த பெண்களை அழைக்கும் மரியாதையோடு, "அது அழுக்கு இல்ல. உயிரோட இருக்கிற ஒண்ணு."

"இங்க உயிரோட இருக்கிறது அது மட்டுந்தான்," என்றாள் எர்மிந்தா. "மத்தவங்க யாரும் இதுவரைக்கும் என்கிட்ட குறை சொன்னதில்ல."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். பெயர் இவோன். வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் கல்பாசிகளைப் பற்றித்தான் அவளுக்கு முழுநேர வேலையும் சம்பளமும். நீதிபதி ஒருவர் அவளை இங்கே அனுப்பியிருந்தார்.

விஷயம் எர்மிந்தாவுக்கும் தெரிந்ததுதான். ஆகஸ்ட் மாதம் லா எஸ்பேரா ஆட்டுப் பண்ணையில் வேலி போடப் போனவர்களில் அவள் தம்பி தாகோபெர்த்தோவும் ஒருவன். கம்பத்துக்கு அண்டை கொடுக்கக் குன்றடியில் இருந்த கற்குவியலிலிருந்து நாலு கல் உருவியபோது உள்ளே ஓர் எலும்பு தெரிந்தது. பழங்குடிகளின் பழைய சமாதி என்றார்கள் எல்லோரும். அந்தப் பக்கத்துச் சமவெளியில் அப்படிக் கற்குவியல்கள் உண்டு; இறந்தவரை வைத்து மேலே கல்லடுக்கிய காலம் நூறு வருஷத்துக்கு முந்தையது, ஆயிரம் வருஷத்துக்கு முந்தையதும் இருக்கும். பழைய சமாதியென்றால் சட்டப்படி யாரும் திறக்கக் கூடாது. பண்ணையின் வக்கீல் அதையே பிடித்துக்கொண்டு நின்றார். திறக்காமலே வயது தெரிய வேண்டும் என்றார் நீதிபதி.

"கல்லைப் பாத்து வயசு சொல்லிடுவீங்களாக்கும்?" என்று கேட்டாள் எர்மிந்தா.

"கல்லு மேல இருக்கிறதப் பாத்து சொல்லலாம். இந்த மஞ்ச வட்டம் இருக்கு பாருங்க, இது வருஷத்துக்கு அரை மில்லிமீட்டர்கூட வளராது. ஆனா விடாம வளரும். இந்த ஊர்க் குளிருக்கு, இந்த ஊர்க் காத்துக்கு என்ன வேகத்துல வளருதுன்னு தெரிஞ்சா போதும். அதுக்குத் தேதி தெரிஞ்ச கல்லு வேணும். கல்லறைத் தோட்டம்னா தேதி இருக்கும்னு வந்தேன்."

"தேதி இருக்கு. வட்டத்தத்தான் நான் தேய்ச்சுட்டேன்."

"எல்லாத்தையுமா?"

எர்மிந்தா கொஞ்சம் யோசித்தாள். "பின்வரிசையத் தொட்டதில்ல. அது கக்குவான் வந்து செத்த குழந்தைங்க. அம்பத்தெட்டு குளிர்காலத்துல ஒரே மாசத்துல ஏழு பேர். அதுக்கப்புறமும் நாலு. அங்க யாரும் வர்றதில்ல, அதனால யாரும் தேய்க்கச் சொல்லவும் இல்ல."

மூன்று நாள் இருவரும் பின்வரிசையில் குனிந்து கிடந்தார்கள். இவோன் லென்ஸை வைத்து வட்டங்களைத் தேடி, இரண்டு தாடை உள்ள இரும்பு அளவுகோலால் கவ்வி அளப்பாள். எர்மிந்தா பதிவேட்டைப் புரட்டித் தேதியைச் சொல்வாள். அது போதாதென்று, ஆண்டு பொறித்த பாலத்தின் அடித்தளக் கல்லையும் பள்ளிக்கூடத்து மதிலையும் போய் அளந்து வந்தார்கள். பாலம் அறுபத்தொன்பதில் கட்டியது. அதிலிருந்த பெரிய வட்டம் பத்தொன்பது மில்லிமீட்டர். மதில் எழுபத்தொன்பது; பதினாலரை. கல் வெயிலுக்கு வந்த முதல் ஏழெட்டு வருஷம் எதுவும் ஒட்டாது, அதற்குப் பிறகுதான் புள்ளி விழும் என்று இவோன் சொன்னாள்.

இடையிடையே மாத்தே குடித்தார்கள். எர்மிந்தா கசப்பு இலையில் வெந்நீர் ஊற்றி நீட்டுவாள். ஒரே குழலில் மாற்றி மாற்றி உறிஞ்சிக்கொண்டே பேச்சு ஓடும்.

"நீங்க போட்டிருக்கிற ஸ்வெட்டர்," என்றாள் இவோன், "இந்தத் துருப்பிடிச்ச சிவப்பு, கல்பாசிச் சாயந்தானே?"

"எங்கம்மா போட்டது. அந்தச் சாம்பல் இலைப்பாசி ஒரு சட்டி நிறைய வேணும், நாள் முழுக்கக் கொதிக்கணும். அம்மா அதை ஏலக்காய் மாதிரி எண்ணி எண்ணிப் போடுவாங்க."

"போடணும். அந்த ஒரு சட்டி வளர எம்பது வருஷம் ஆகியிருக்கும். இது செடி இல்ல, தெரியுமா. ரெண்டு பேர் சேந்து குடித்தனம் பண்றது. ஒண்ணு பூஞ்சை. அது வீடு கட்டும், ஈரத்தப் பிடிச்சு வைக்கும், கல்லைக் கெட்டியாப் பிடிச்சுக்கும். இன்னொண்ணு கண்ணுக்குத் தெரியாத பச்சைப் பாசி. அது உள்ள உக்காந்துகிட்டு வெயில வாங்கிச் சமைச்சுப் போடும். ரெண்டும் சேந்து கல்லையே கொஞ்சம் கொஞ்சமா அரிச்சு மண்ணாக்கும். இந்த மலையில முதல் பிடி மண்ணு அப்படி வந்ததுதான்."

"பிரிஞ்சுட்டா?"

"இந்தக் கல்லு மேல தனித்தனியா ரெண்டுமே பிழைக்காது."

"எங்கம்மா பிழைச்சாங்க," என்றாள் எர்மிந்தா, வெந்நீரை ஊற்றியபடியே.

அவளுடைய அப்பா பவுதிலியோ ஒயார்சோ லா எஸ்பேராவில் ஆட்டு ரோமம் கத்தரிப்பவர்களின் சங்கத்துக்குச் செயலாளர். எழுபத்துநாலு மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. வியாழக்கிழமை பண்ணை நிர்வாகி குதிரையில் வந்து, வாசலில் இறங்காமலேயே சொல்லிவிட்டுப் போனான்: உன் புருஷன் கணக்கை முடித்துக்கொண்டு பண்ணைச் சமையல்காரி ரொசாவுராவோடு எல்லை தாண்டிவிட்டான், என் கண்ணாலேயே பார்த்தேன். நாடு முழுக்கச் சங்கத்து ஆட்களை ராணுவம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போன காலம் அது. இருந்தாலும் அவள் அம்மா ப்லாசிதா நிர்வாகி சொன்னதை நம்பினாள். ரொசாவுராவும் அதே வாரம் ஊரில் இல்லாமல் போயிருந்தாள். ரொசாவுரா அழகி வேறு. ப்லாசிதா புருஷனின் சட்டைகளை அடுப்பில் போட்டாள். அன்றோடு அந்த வீட்டில் அவர் பெயரை யாரும் எடுக்கக் கூடாது. எர்மிந்தாவுக்கு அப்போது ஆறு வயது, தம்பி தாகோவுக்கு நாலு.

இதை எர்மிந்தா ஊர்க்கதையைச் சொல்வது போல இவோனிடம் சொல்லி முடித்தாள். சொல்லும்போது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

சனிக்கிழமை குன்றடிக்குப் போனார்கள். அளவு நாடாவைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டுமென்று இவோன் கேட்டாள், எர்மிந்தா வந்தாள். ஒரு போலீஸ்காரர் வண்டிக்குள் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். குன்றின் மேலே லெங்கா மரங்களிலிருந்து கிழவன் தாடி என்கிற பாசி கொத்துக் கொத்தாகத் தொங்கி ஆடியது. அதுவும் கல்பாசிக்குப் பங்காளிதான். பனி கொட்டுகிற வருஷம் மலைமான்கள் கீழே உதிர்ந்ததைத் தின்று உயிரைப் பிடித்துக்கொள்ளும்.

கற்குவியல் இடுப்பு உயரம். இவோன் கல்லைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்தாள், பிறகு குப்புறப் படுத்துக்கொண்டு இடுக்குகளுக்குள் டார்ச் அடித்தாள்.

"இங்க வாங்க. உள்பக்கமாத் திரும்பியிருக்கிற முகத்தப் பாருங்க. வெள்ளை வெள்ளையா வட்டத் தழும்பு தெரியுதா?"

"தெரியுது."

"அதெல்லாம் செத்த கல்பாசி. இந்தக் கல்லு ஒரு காலத்துல வெளிய வெயில்ல கிடந்திருக்கு. பொறுக்கிட்டு வந்து, முகத்த உள்ள பாக்க வச்சு அடுக்கியிருக்காங்க. வெளிச்சம் இல்லாம செத்துடுச்சு. பழைய சமாதின்னா இதெல்லாம் எப்பவோ உதிர்ந்து போயிருக்கும். வெளிப்பக்கத்துலயும் கல்லும் கல்லும் ஒட்டிப்போற அளவுக்கு வளந்திருக்கும். இங்க புதுசாத்தான் புள்ளி வச்சிருக்கு."

அவள் வெளிப்புறத்து வட்டங்களை ஒவ்வொன்றாக அளந்தாள். எர்மிந்தா நோட்டில் எழுதினாள். பதினொன்று, பதிமூன்று, பதினாறு, பதினாறரை. கடைசியாக ஒன்று, சட்டைப் பொத்தானை விடக் கொஞ்சம் பெரியது.

"பதினேழு. இதுதான் இருக்கிறதுலயே பெருசு."

எர்மிந்தா பதினேழு என்று எழுதினாள். பாலம் பத்தொன்பது, அறுபத்தொன்பது. மதில் பதினாலரை, எழுபத்தொன்பது. மூன்று நாளாக அவளே எழுதிய எண்கள்தான். கூட்டிக் கழித்துப் பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"மார்ச் எழுபத்துநாலு," என்றாள்.

"என்ன?" இவோன் திரும்பினாள். "அப்படி மாசமெல்லாம் சொல்ல முடியாது. முன்னப் பின்ன மூணு வருஷம்..." என்று ஆரம்பித்தவள், எர்மிந்தாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். நேற்றுக் கேட்ட கதை அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. "ஐயோ. தோன்யா எர்மிந்தா, உங்கள இங்க நான் கூட்டிட்டு வந்திருக்கவே கூடாது."

"நாடா ஈரமாகுது. சுத்தி வச்சிடவா?"

நாடாவைச் சுற்றி உறையில் போட்டாள். வண்டியில் வரும்போது இவோன் இரண்டு தடவை ஏதோ கேட்டாள். எர்மிந்தா பதில் சொன்னாள், என்ன சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு சூப் வைத்தாள். உப்பை இரண்டு முறை போட்டுவிட்டாள். அம்மா திட்டிக்கொண்டே குடித்தாள்.

டிசம்பரில் குவியலைத் திறந்தார்கள். மண்டையோட்டில் பின்பக்கம் ஒரு துளை இருந்தது. எர்மிந்தாவிடமும் தாகோவிடமும் வாயில் பஞ்சுக்குச்சி விட்டு எச்சில் எடுத்துப் போனார்கள். அந்த நிர்வாகி செத்து முப்பது வருஷம் ஆகியிருந்தது. சுட்டது அவனா, அவன் கூட்டி வந்த வேறு யாராவதா என்று சொல்லக்கூடியவர் ஊரில் ஒருவரும் இல்லை.

முடிவு வர ஏப்ரல் ஆனது. அதுவரை அக்காவும் தம்பியும், வெளியே அதிகம் போகாத அம்மாவிடம் மூச்சுவிடவில்லை. எர்மிந்தா வழக்கம்போலத் தோட்டத்துக்குப் போனாள், வந்தாள். சந்தையில் யாராவது தோளைத் தொட்டு ஆறுதல் சொன்னால் நன்றி என்பாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். பஸ் வராத நிறுத்தத்தில் நிற்பது மாதிரிதான் இருந்தது.

எலும்பு அப்பாவுடையதுதான் என்று கடிதம் வந்த அன்று தாகோ வேலை முடிந்த கையோடு அவளைத் தேடி வந்தான். எதையும் கிண்டலாகவே பேசுகிறவன், கதவருகில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"அந்தக் கல்ல உருவினது நான்தான்க்கா. கம்பத்துக்கு அண்டை கொடுக்க."

"நீ உருவலன்னா தெரிஞ்சிருக்காது."

"நாலு கல்லு. கம்பத்தடியில இன்னும் அப்படியேதான் இருக்கு."

"இருக்கட்டும் தம்பி. உக்காரு."

அம்மாவிடம் எர்மிந்தாதான் சொன்னாள். எழுபத்தொன்பது வயது ப்லாசிதா அடுப்படியில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். நடந்தது அத்தனையையும் ஒன்று விடாமல் கேட்டாள். கத்தி நிற்கவில்லை.

"அப்போ அவன் போகல."

"போகலம்மா."

"எவ்வளவு தூரம் இருக்கும்?"

"எது?"

"நம்ம வீட்டுல இருந்து, அந்த இடம்."

"பதினோரு கிலோமீட்டர்."

ப்லாசிதா இன்னொரு கிழங்கை எடுத்தாள். "அந்தக் குன்றுக்கு நான் சாயப்பாசி சுரண்டப் போயிருக்கேன். எத்தனையோ வருஷம். அந்தக் குவியல்ல மட்டும் கை வைக்கல. சமாதின்னு சொன்னாங்க, எனக்குப் பயம்." சீவிய கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். "அதுலயும் பாசி முளைச்சிருந்துச்சு."

கூடை காலியான பிறகுதான் கத்தியைக் கீழே வைத்தாள். இரண்டு பேருக்கு எட்டுப் பேருக்கான கிழங்கைச் சீவி வைத்திருந்தாள். எர்மிந்தா பாதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள்.

மறுநாள் காலையில் அம்மா கேட்டது அப்பாவைப் பற்றி இல்லை.

"அந்த ரொசாவுரா இருக்காளா, செத்துட்டாளா?"

"தெரியாதும்மா."

"கண்டுபிடி. நாப்பத்துநாலு வருஷம் அவள நான் பேசாத பேச்சு இல்ல. சர்ச் வாசல்லகூடப் பேசியிருக்கேன்."

எல்லை தாண்டி ஓட்டுகிற லாரிக்காரர்களைத் தாகோவுக்குத் தெரியும். நாலே நாளில் நம்பர் கிடைத்தது. எர்மிந்தா கூப்பிட்டபோது எடுத்தது ரொசாவுராவே, தளர்ந்த குரலானாலும் தெளிவாகப் பேசினாள். குன்றடியில் கிடைத்ததையும், இத்தனை வருஷம் ஊர் நம்பியதையும் எர்மிந்தா சொன்னாள்.

"பவுதிலியோவா? சங்கத்து பவுதிலியோவா?" என்றாள். "என்கூடவா? யாரும்மா சொன்னது உனக்கு?"

"நிர்வாகி."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது.

"எங்கக்காவுக்குப் பிரசவம், கஷ்டமாயிருக்குன்னு ஆள் வந்துச்சு. அதான் கிளம்பினேன். அதுக்கு முந்தின சனிக்கிழமையே கிளம்பிட்டேன், தனியாத்தான். உங்க வீட்டுல வச்சிருந்த என் பெட்டியக் குடுத்தனுப்பச் சொல்லி உங்கம்மாவுக்கு ரெண்டு கடுதாசி போட்டேன். பதிலே இல்ல. சரி, பெரிய இடத்துப் பொம்பளையாயிட்டாங்க போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

கடிதங்கள் வந்தது எர்மிந்தாவுக்கு நினைவிருந்தது. அம்மா பிரிக்காமலே அடுப்பில் போட்டாள். நீலக் கரை போட்ட உறைகள். எரியும்போது அந்தக் கரை சுருண்டது. அதை ரொசாவுராவிடம் சொன்னாள். மறைத்து என்ன ஆகப்போகிறது என்று இருந்தது.

"எப்போ அடக்கம்?" என்று மட்டும் கேட்டாள் ரொசாவுரா.

மே மாதம் பதினெட்டாம் தேதி அடக்கம். முந்தின இரவு பெய்த மழை உறைந்து, கல்லறைத் தோட்டத்துப் பாதை கண்ணாடி மாதிரி இருந்தது. எர்மிந்தா விடிவதற்குள் போய்ச் சாம்பல் தூவினாள். குழியை அவளே வெட்டுவதாகச் சொன்னபோது ஊர்க்காரர்கள் விடவில்லை. ரோமம் கத்தரிக்கும் ஆட்கள் ஆறு பேர், அவரை ஒருநாளும் பார்த்திராத பையன்கள், வந்து வெட்டினார்கள். சவப்பெட்டி சின்னது. தாகோ ஒருவனே தூக்கியிருப்பான், ஆனாலும் நாலு பேர் தூக்கினார்கள்.

பத்து மணி பஸ்ஸில் ரொசாவுரா வந்து இறங்கினாள். எழுபத்துநாலு வயது, கறுப்புக் கோட்டு, கையில் துணியால் மூடிய ஒரு பாத்திரம். தோட்டத்து வாசலில் அவளும் ப்லாசிதாவும் நேருக்கு நேர் நின்றார்கள். வந்திருந்த எல்லோரும் காலடி மண்ணைப் பார்த்துக்கொண்டார்கள்.

"நீ குண்டாயிட்டே," என்றாள் ப்லாசிதா.

"நீ கிழவியாயிட்டே," என்றாள் ரொசாவுரா.

"உன் பெட்டி இல்ல. அத அந்த வருஷமே உடைச்சு எரிச்சுட்டேன்."

"அதுல என்ன இருந்துச்சு, ரெண்டு பாவாடை."

"நான் உன்ன ரொம்பப் பேசிட்டேன் ரொசாவுரா. இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும்."

"எனக்குத் தெரியாம போச்சே. தெரிஞ்சிருந்தா நானும் திருப்பிப் பேசியிருப்பேன்." ரொசாவுரா பாத்திரத்தை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு மற்ற கையை நீட்டினாள். "பிடிச்சுக்கோ. வழுக்குது."

இருவரும் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தார்கள். பாதிரியார் சுருக்கமாக முடித்தார், காற்றில் அவர் சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது. எர்மிந்தா குழியின் ஓரத்தில் நின்று முதல் பிடி மண்ணைப் போட்டாள். மண் உறைந்து கட்டியாக இருந்ததால் பெட்டியின் மேல் சத்தமாக விழுந்தது. அப்பாவின் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றாள். ஆட்டுக் கொழுப்பு வாடையும், அவளைத் தூக்கும்போது கன்னத்தில் குத்திய கம்பளியும்தான் வந்தன. அதுவும் அவருடையதா, வேறு யாருடையதா என்று நிச்சயமில்லை. கையுறையை மறந்துவிட்டு வந்ததால் விரல்கள் விறைத்துப் போயிருந்தன.

எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். ரொசாவுரா கொண்டுவந்த பாத்திரத்தில் ஆட்டிறைச்சி இருந்தது. அடுப்பில் வைத்துச் சூடாக்கினார்கள். கிழவிகள் இரண்டு பேரும் நிர்வாகியைக் கெட்ட வார்த்தையில் திட்ட ஆரம்பித்தார்கள். தாகோ அவர்களுக்கு ஒயின் ஊற்றிக்கொண்டே, "இது நான் கேள்விப்படாத வார்த்தையா இருக்கே, இன்னொரு தடவ சொல்லுங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எர்மிந்தாவும் சிரித்தாள். தட்டுகளைக் கழுவினாள், அடுப்புக்கு விறகு அள்ளி வந்து வைத்தாள்.

மாலை நாலு மணிக்குக் கொஞ்சம் சாய்ந்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனாள். பூட்ஸைக் கழற்றக்கூட இல்லை. மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் எழுந்தாள். யாரோ போர்வை போர்த்தியிருந்தார்கள், பூட்ஸைக் கழற்றிக் கட்டிலடியில் வைத்திருந்தார்கள். அடுப்படியில் அம்மாவும் ரொசாவுராவும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பது கேட்டது. என்ன பேசுகிறார்கள் என்று கேட்க வேண்டும்போல அவளுக்கு இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தாள்.